பந்தக்காலுக்காக மூணு அடி நகர்ந்த ரோடு

போன மாசம் எங்க ரோட்டு ஆபீஸ்ல இப்ப இருக்கிற அசிஸ்டெண்ட் இன்ஜினியர், ஏ.ஈ. தம்பி, திருப்பதியில என் மக வீட்டைத் தேடிக்கினு வந்தாரு. ரிட்டையர் ஆனப்புறம் நான் அங்கதான் இருக்கேன். "சித்தூர் டவுன் ரோட்டை முனிசிபாலிட்டிக்கு ஒப்படைக்கிறோம் சார். அதோட ஹிஸ்டரி ஒரு பக்கம் வேணும். பழைய ஃபைல் பாதி செல்லரிச்சுப் போச்சு. முனிரத்தினத்தைக் கேட்டா தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க"ன்னாரு. எனக்குச் சிரிப்பு தாங்கலை. வேலையில இருந்த முப்பத்திநாலு வருஷமும் என்னை ஒருத்தரும் சார்னு கூப்பிட்டதில்லை. ரிட்டையர் ஆனதும் சார் ஆயிட்டேன் பாருங்க.

ஒரு பக்கம் எழுதிக் குடுத்துட்டேன். எங்க ஆரம்பம், எங்க முடிவு, எப்பப்ப இன்னா வேலை நடந்துச்சுன்னு அதுல இருக்குது. இது அதுல இல்லாதது. அதுல சேர்த்திருந்தா, கிழவன் புலம்பறான்னு அந்தத் தம்பியே கிழிச்சுப் போட்டிருப்பாரு. ஆனா எங்க ரோடு மூணாவது கிலோமீட்டர்ல ஏன் லேசா கிழக்கால சாய்ஞ்சு, அப்பால நேராச்சுன்னு தெரியணும்னா இத்தைத்தான் சொல்லியாவணும்.

பேரு என்னமோ ஸ்டேட் ஹைவே. நீளம் அஞ்சே முக்கால் கிலோமீட்டர். பஸ்ல ஏறினா கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் குடுத்து முடிக்கிறதுக்குள்ள ரோடு முடிஞ்சிடும். வெல்ல மண்டிக்குப் பின்னாடி ஆரம்பிச்சு, பழைய சினிமாக் கொட்டாய், ஆஸ்பத்திரி வளைவு, அப்பால ரெண்டு மோரி தாண்டி, திருப்பதி ரோட்டுல போய் ஒட்டிக்கும். மோரின்னா ரோட்டுக்கு அடியில குறுக்கால தண்ணி போறதுக்குக் கட்டின குட்டிப் பாலம். ரெண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குச் சின்னதா கைப்பிடிச் சுவர் இருக்கும், சாயங்காலமானா நாலு பேர் அதுமேல உக்காந்து கதை பேசுவாங்க.

முதல்ல அது வெல்ல வண்டி போற மண் ரோடு. அப்பால பஞ்சாயத்து ரோடு, அப்பால முனிசிபாலிட்டி ரோடு. பெரிய ரோட்டுல லாரி ஜாஸ்தியானதும், இதுவும் ஹைவேதான்னு சொல்லி எங்க டிபார்ட்மெண்ட் தலையில கட்டினாங்க. மாங்கா சீசன்ல ஜூஸ் ஃபேக்டரிக்குப் போற லாரிங்க வரிசையா நிக்கும். புரட்டாசியில மஞ்சத்துணி கட்டிக்கினு நடந்தே மலைக்குப் போறவங்க அந்த ரோட்டு ஓரமாத்தான் போவாங்க. ஊருக்கு வெளியில பைபாஸ் வந்ததும் லாரி எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்ப மறுபடியும் முனிசிபாலிட்டி. போவட்டும், ரோட்டுக்கு இன்னா தெரியப் போவுது யாருதுன்னு.

நான் கார்வேட்டிநகரம் பக்கத்துல விவசாயக் குடும்பம். ஆறு ஏக்கரை மூணு அண்ணன் தம்பி பிரிச்சா இன்னா மிஞ்சும்? நைனா என்னைச் சித்தூருக்கு அனுப்பிட்டாரு. ரோட்டு கேங்குல கூலியா சேர்ந்தேன். ஜல்லி சுமந்தேன், தண்ணி ஊத்தினேன், தார் டின்னுல கை சுட்டுக்கினேன். தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்க வரும்னு தெரிஞ்சு டேப் பிடிக்க விட்டாங்க. டேப் ஒழுங்கா பிடிச்சேன்னு வொர்க் இன்ஸ்பெக்டர் ஆக்கினாங்க. அவ்ளோதான் அந்தக் கதை, எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அதே கதைதான்.

வொர்க் இன்ஸ்பெக்டராகி நாலஞ்சு வருஷம் ஆனப்போ, பதினெட்டு அடி தாரை இருபத்திநாலு அடி ஆக்கணும்னு ஆர்டர் வந்துச்சு. இந்தப் பக்கம் மூணு அடி, அந்தப் பக்கம் மூணு அடி சேர்க்கணும். எப்படிச் செய்வோம்னா, பழைய தாரோட நட்ட நடுவுல பத்து மீட்டருக்கு ஒரு ஆணி அடிப்போம். ஆணியிலருந்து ரெண்டு பக்கமும் பன்னெண்டடி அளந்து குச்சி நடுவோம். குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, கயிறு மேலயே சுண்ணாம்பு மாவு தூவிக்கினே போவோம். அந்த வெள்ளைக் கோடு விழுந்துடுச்சுன்னா அதுதான் சட்டம். மெஷின்காரன் நம்ம மூஞ்சியைப் பார்க்க மாட்டான், கோட்டைப் பார்த்துத்தான் தோண்டுவான்.

ரெண்டு மோரிக்கும் நடுவுல, மேற்கால பக்கம் கோதண்டன் வீடு. நகரிக்காரன். அங்க தறியில நெய்யற துண்டு, லுங்கி எல்லாம் மூட்டையா கொண்டாந்து, வீட்டு முன் ரூம்ல கடை போட்டு வித்துக்கினு இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. மத்தியானம் அவன் கடையிலதான் நான் டிபன் கேரியரைத் திறப்பேன். அவன் சம்சாரம் பண்ணின குழம்புல பாதி என் வயித்துலதான் போயிருக்கும்.

அன்னிக்குச் சுண்ணாம்பு தூவிக்கினு அவன் வீட்டுக்கிட்ட வந்தா, தார் ஓரம் வரைக்கும் பந்தல் போட ஆரம்பிச்சிருக்கான். தார்லருந்து ரெண்டடி தள்ளி ஒரு மூங்கில், மாவிலை கட்டி, மஞ்ச குங்குமம் வெச்சு நிக்குது. அவன் பொண்ணு செல்விக்குக் கல்யாணம், பத்து நாள்ல.

"டேய் ரத்னம், இன்னாடா இது? கோடு என் பந்தலுக்குள்ள வருது?"ன்னான். கையெல்லாம் மஞ்ச.

"மூணு அடிதான்டா. பந்தலைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடேன்."

"தள்றதா? காலையிலதான்டா பந்தக்கால் நட்டோம். நவதானியம் போட்டு, பாலு ஊத்தி நட்டது. அத்தைப் போய் அசைக்கச் சொல்றியே, நீயெல்லாம் நம்ம ஜனம்தானா?"

எனக்குத் தெரியாதா? நட்ட பந்தக்காலை தாலி ஏறுறதுக்கு முன்ன அசைக்கக் கூடாது. அசைச்சா பொண்ணுக்கு ஆவாதுன்னு எங்க பக்கம் நெஞ்சு பதறிப் போவாங்க. அதுவும் செல்விக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி, பத்திரிகை அடிக்கிற வரைக்கும் போய் முறிஞ்சுது. இந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல பந்தக்கால் புடுங்கின சேதி போச்சுன்னா அவ்ளோதான். கோதண்டன் கோவமா பேசிக்கினே இருந்தான், ஆனா கண்ணு ரெண்டும் கெஞ்சிக்கினு இருந்துச்சு. பின்னாடி வாசப்படியில செல்வி நின்னுக்கினு என்னையே பார்த்துது.

பத்து நாள் நிறுத்தலாமான்னு பார்த்தேன். மெஷின் அந்த வாரம் மட்டும்தான் எங்களுக்கு, அப்பால பலமனேர் வேலைக்குப் போயிடும். ஐப்பசி மாசம், மழை எந்த நேரமும் இறங்கும். ஏ.ஈ. லீவுல ஊருக்குப் போயிருந்தாரு. கேட்க ஆள் இல்லை, நான்தான் எல்லாம். கிழக்கால பக்கம் பார்த்தேன். வெறும் மண்ணு, பதினஞ்சு இருபது அடிக்கு யாரும் இல்லை. போட்ட கோட்டைக் காலால அழிச்சேன். மேற்கால ஒண்ணும் வேணாம், ஆறு அடியும் கிழக்காலயே தோண்டுடான்னு புதுக் கோடு போட்டேன். இந்த மோரியில ஆரம்பிச்சு அந்த மோரிக்குள்ள முடியறா மாதிரி மெதுவா சாய்ச்சுக் கொண்டு போனேன். பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த வேலை எனக்கு நல்லா வரும்.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. நான் முதல் பந்தியில உக்காந்து துன்னேன். ஏ.ஈ. திரும்பி வந்தப்போ ஜல்லி போட்டு ரோலர் ஓட்டியாச்சு. மெஷர்மெண்ட் புஸ்தகத்துல 'இரு பக்கமும் மும்மூணு அடி'ன்னு என் கையாலயே எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லலை. நானே எழுதினேன். ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நல்லது பண்ணினோம்னு நெஞ்சை நிமித்திக்கினு வேற திரிஞ்சேன், கேட்டுக்கோங்க.

பன்னெண்டு வருஷம் போச்சு. அந்தத் தார் மேலயே ரெண்டு தரம் தார் போட்டாச்சு. செல்விக்கு ரெண்டு பிள்ளைங்க. அப்பதான் சுகுணா மேடம் டி.ஈ.யா, ஏ.ஈ.க்கு மேல இன்ஜினியரா, வந்தாங்க.

மேடம் மதனப்பள்ளி பக்கம். தமிழ் நல்லா புரியும், பேச வந்தா பாதி தெலுங்கு கலந்துடும். பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கினு, பென்சிலைக் கொண்டையில சொருகிக்கினு வருவாங்க. ஜீப்பை ரோட்டு ஆரம்பத்துலயே நிறுத்திட்டு நடந்துதான் வருவாங்க. கேங்குல ஜல்லி கொட்டற பொம்பளைங்களைக் கூட 'மீரு'ன்னுதான் கூப்பிடுவாங்க, மரியாதையா. குரல் ஒசந்து நான் கேட்டதே இல்லை. ஆனா எந்த அளவு எடுத்தாலும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க: "இங்கோசாரி." இன்னொரு தரம்னு அர்த்தம். உடனே டேப் முனையை ரெண்டு பேரும் மாத்திக்கினு எதிர்ப் பக்கத்துலருந்து அளக்கணும். ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் பென்சில் கொண்டையிலருந்து இறங்கும். இல்லைன்னா நின்ன இடத்துலயே நிப்பாங்க, வெயிலாவது மழையாவது. இங்கோசாரி மேடம் டீயைக் கூட ரெண்டு தரம் குடிப்பாங்கன்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. கிண்டல் பண்ணினவன் எல்லாம் அவங்க டிரான்ஸ்ஃபர்ல போனப்போ அழுதான்.

அந்த வருஷம் ரோட்டை மொத்தம் அறுபதடி ஆக்கணும்னு ஆர்டர் வந்துச்சு. தாரோட நடுவுலருந்து ரெண்டு பக்கமும் முப்பது முப்பது அடி. அதுக்குள்ள இன்னா வருதோ அது போவும். நஷ்ட ஈடு உண்டு. ஆனா நஷ்ட ஈட்டை வெச்சுச் சுவர் கட்டலாம், போன இடத்தைக் கட்ட முடியுமா? ஆணி அடிச்சு, அளந்து, வீட்டுச் சுவர்ல சிவப்புப் பெயிண்ட்டால குறி போட்டுக்கினு போனோம். பிரஷ் என் கையில. எத்தனை பேர் என் கையைப் பிடிச்சாங்க, எத்தனை பேர் மண்ணை வாரித் தூத்தினாங்க, அதெல்லாம் சொல்லி முடியாது.

மூணாவது கிலோமீட்டர் வந்துச்சு. கோதண்டன் வீட்டுல படிக்கட்டு மட்டும்தான் போச்சு, முன்சுவர் கோட்டுக்குச் சரியா வெளியில நின்னுச்சு. "சாமி காப்பாத்திச்சுடா"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். எதிர்ப் பக்கம் ரமணம்மா வீடு.

ரமணம்மா ஜாக்கெட் தைக்கிறவ. வீடுன்னா, ரோட்டைப் பார்த்து, உள்ளுக்கு எட்டடி நீளம் ஏழடி அகலம் ஒரு ரூம், பின்னாடி சின்னதா ஒரு சமையல்கட்டு. அதுக்குப் பின்னாடி வேறொருத்தர் சுவர். அவ வீட்டுக்காரர் லாரி டிரைவர், மலைப் பாதையில வண்டி கவுந்து இடுப்புக்குக் கீழே போச்சு. ஜன்னல் ஓரமா அவர் கட்டில், கதவு ஓரமா அவ தையல் மெஷின். நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நடக்கலாம், அவ்ளோதான் இடம்.

டேப் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ள போச்சு. முப்பதடி முடியற இடம், முன்சுவர்லருந்து மூணு அடி உள்ள. எட்டுல மூணு போனா அஞ்சு. கட்டிலைப் போட்டா மெஷினுக்கு இடம் இல்லை, மெஷினைப் போட்டா கட்டிலுக்கு இடம் இல்லை. அவ தைச்சாத்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியும்.

"அண்ணா, இன்னொரு தரம் பாருங்களேன். நீங்க எங்கயோ தப்பா பிடிச்சிருப்பீங்க"ன்னா ரமணம்மா.

அவ சொல்றதுக்கு முன்னயே மேடம் சொல்லிட்டாங்க, "இங்கோசாரி." திருப்பி அளந்தோம். அதே முப்பது. சுவர் இல்லாத இடத்துல குறி போடணும்னா தரையிலதான் போடணும். கட்டிலுக்கு அடியில. நான் குனிஞ்சேன். அவ வீட்டுக்காரர் மேலருந்து, "அண்ணா, கட்டிலைக் கொஞ்சம் நகத்தச் சொல்லட்டா? உங்களுக்குக் குனிய கஷ்டமா இருக்குமே"ன்னாரு. நல்லவர்ங்க அவர். என்னைத் திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

கட்டிலுக்கு அடியில மண்டியிட்டு, சிவப்புக் கோடு இழுத்தேன். இழுத்துக்கினு இருக்கும்போதே கணக்கு புரிஞ்சுபோச்சு. மூணு அடி. எனக்கு அந்த மூணு அடியைத் தெரியும். அத்தை நான்தான் இங்க கொண்டாந்து வெச்சேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன சுண்ணாம்பைக் காலால அழிச்சப்போ தாரோட நடு கிழக்கால மூணு அடி தள்ளிப் போச்சு. இப்ப அந்தத் தப்பான நடுவுலருந்துதான் அளக்கிறோம். மேடம் நூறு தரம் இங்கோசாரின்னாலும் முப்பதுதான் வரும், ஏன்னா டேப்புல தப்பு இல்லை, ஆணியில தப்பு.

ரெண்டு நாள் சோறு இறங்கலை. என் சம்சாரம் ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. சொன்னா என்னா ஆவும்? பொய்யா மெஷர்மெண்ட் எழுதினவன்னு எனக்கு மெமோ வரும், சஸ்பெண்ட் கூட ஆவலாம். அது கூடப் பரவால்லை. கோடு மேற்கால மூணு அடி போவும். கோதண்டன் முன்சுவர் போவும், கடை போவும். சாமி காப்பாத்திச்சுன்னு கும்பிட்டவன்கிட்ட எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது? சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்லை. எனக்குத் தெரியுமே, அதுக்கு இன்னா பண்றது?

மூணாம் நாள் காலையில, ஆபீஸ் திறந்ததும் மேடம் முன்னாடி போய் நின்னேன். பென்சில் சீவிக்கினு இருந்தாங்க. எல்லாத்தையும் சொன்னேன், பந்தக்கால், சுண்ணாம்பு, புஸ்தகத்துல எழுதின பொய், எல்லாம். அவங்க சீவறதை நிறுத்தலை. நான் முடிச்சப்புறம் சீவின தூளை ஒரு காகிதத்துல மடிச்சு வெச்சாங்க.

"எவரைனா அடிகாரா?" யாராவது உங்களைக் கேட்டாங்களான்னாங்க.

"இல்லை மேடம்."

"மரி எந்துகு செப்துன்னாரு, முனிரத்தினம் காரு?" பின்னே ஏன் சொல்றீங்கன்னு கேட்டாங்க.

"அந்த ஆளு கட்டிலுக்கு அடியில பெயிண்ட் அடிச்சேன் மேடம்"னேன்.

மேடம் பென்சிலைக் கொண்டையில சொருகினாங்க. "இதுல ஜாலி கீலி எதுவும் வேணாம். அவங்க பாவம்னு கோடு அங்க போகாது, உங்க ஃபிரெண்டுன்னு இங்க வராது. அளவு எங்க இருக்கோ அங்கதான். பதண்டி"ன்னு எழுந்தாங்க. ஜாலின்னா தெலுங்குல இரக்கம், பதண்டின்னா கிளம்புங்க.

நிஜமான நடு எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தார்ல தெரியாது, பூரா தார் மேல தார். மோரிதான் வழி. அந்த ரெண்டு மோரியும் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்ன கட்டினது, பழைய ரோட்டுக்கு நேரா கட்டினது, நான் அகலப்படுத்தினப்போ அதுங்களை யாரும் தொடலை. ஒரு மோரியோட ரெண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவுல எவ்ளோன்னு அளந்து, அதுல பாதியில ஒரு ஆணி. அடுத்த மோரியிலயும் அதே மாதிரி ஒரு ஆணி. ரெண்டு ஆணி மேலயும் சிவப்பு வெள்ளைக் கம்பை நேரா நிறுத்தணும். ஒருத்தர் இந்தக் கம்புக்குப் பின்னாடி குந்திக்கினு ஒத்தைக் கண்ணால பார்க்கணும். நடுவுல ஒருத்தன் மூணாவது கம்பைப் பிடிச்சுக்கினு, இடது, இன்னும் கொஞ்சம் இடது, நில்லுன்னு சொல்ற வரைக்கும் நகரணும். மூணு கம்பும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறையற இடம் எதுவோ அதுதான் பழைய ரோட்டோட நடு.

மேடமே குந்திக்கினாங்க. புடவை முந்தானையை இடுப்புல சொருகிக்கினு, ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சாலும் திரும்பாம. நடுக் கம்பு என் கையில. கோதண்டன் கடைக்கும் ரமணம்மா வீட்டுக்கும் நேரா நின்னுக்கினு நான் மேற்கால நகர்ந்தேன். தார் நடுவுல அடிச்ச எங்க ஆணியைத் தாண்டி இன்னும் இன்னும் போனேன். "ஆகண்டி"ன்னாங்க. நில்லுங்கன்னு அர்த்தம். கம்பு நின்ன இடத்துலருந்து எங்க ஆணி வரைக்கும் டேப் வெச்சேன். மூணு அடி ஒரு அங்குலம்.

"இங்கோசாரி."

அந்தக் கோடியிலருந்து பார்த்தோம். மூணு அடி ஒரு அங்குலம். அப்பதான் பென்சில் இறங்குச்சு.

எழுதி முடிச்சிட்டு மேடம் சொன்னாங்க, "நாளைக்குக் காலையில புதுக் கோடு போடணும். உங்களுக்கு மெமோ இஸ்தானு, வாங்கிக்கோங்க. நடந்ததை நீங்களே கைப்பட எழுதிக் குடுங்க. இன்னொண்ணு. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு பெயிண்ட் போய்ச் சொல்லக் கூடாது. நீங்க போய்ச் சொல்லணும்." பேசிக்கினே நடந்தாங்க, என் மூஞ்சியைப் பார்க்கலை. பார்த்திருந்தா நான் அழுதிருப்பேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மத்தியானம் கோதண்டன் கடைக்குப் போனேன். துண்டு மடிச்சுக்கினு இருந்தான். சொன்னேன். முதல்ல அவனுக்குப் புரியலை. புரிஞ்சதும் மடிச்ச துண்டைக் கீழே போட்டான்.

"அப்போ அவ சுவருக்குப் பதிலா என் சுவரா?"

"அளவு அப்படித்தான்டா வருது."

"அளவா? உன்னை யார்டா கேட்டா? யார் கேட்டா உன்னை? பன்னெண்டு வருஷம் கழிச்சு, என் பொண்ணுக்குச் செஞ்ச உதவியை இப்ப வட்டியோட வாங்கிக்க வந்தியா?"

கீழே கிடந்த துண்டை எடுத்து வெச்சேன். "போடா வெளியில"ன்னான். அவன் சம்சாரம் உள்ளருந்து வந்து தண்ணி குடுத்தாங்க. நான் வாங்கலை. வாங்கியிருக்கணும்.

மறுநாள் காலையில பெயிண்ட் டின்னோட போனேன். கடைக் கதவு மூடியிருந்துச்சு. கூப்பிடலாமா வேணாமான்னு நின்னுக்கினு இருந்தேன். கதவு திறந்துச்சு. கோதண்டன் நின்னான், முகம் ஊதிப் போயிருந்துச்சு. உள்ள பார்த்தா, அலமாரி, துண்டு மூட்டை, எல்லாம் பின் சுவரோட அடுக்கியிருக்குது. முன்னாடி தரை சுத்தமா பெருக்கியிருக்குது.

"நேத்து சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன்டா"ன்னான். "சண்டை போடத்தான் போனேன். அழுது அழுது உங்க மேடத்தை மயக்கிட்டாளான்னு நாலு கேள்வி கேக்கலாம்னு போனேன். அந்த ஆளு கட்டில்ல படுத்துக்கினு இருக்கார். இன்னா சொன்னார் தெரியுமாடா? 'வாங்க வாங்க, பன்னெண்டு வருஷமா உங்களைத்தான் பார்த்துக்கினு இருக்கேன்'னாரு. செல்வி பிரசவத்துக்கு வந்தப்போ ஆட்டோ கிடைக்காம நான் ரோட்டுல அலைஞ்சேனே, அத்தைச் சொல்றார். 'உங்களைக் கூப்பிட்டு இங்கருந்து கத்தினேன், உங்களுக்குக் கேக்கலை, அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்லை'ங்கறார். எங்க வீட்டுல நடந்த நல்லது கெட்டது எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியுதுடா. எனக்கு அவர் பேரு கூடத் தெரியலை. நேத்துதான் கேட்டேன்."

மூக்கைத் துடைச்சுக்கினான். "கட்டிலுக்கு அடியில அந்தச் சிவப்புக் கோட்டையும் பார்த்தேன். சரி, நீ அடி."

நான் அளந்து, அவன் கடைத் தரையில மூணு அடி உள்ள கோடு போட்டேன். கோணலாத்தான் வந்துச்சு. அவன் பக்கத்துலயே நின்னான்.

"உனக்கு இன்னாடா ஆவும்?"னு கேட்டான்.

"மெமோ. நடந்ததை எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. எழுதி வெச்சிருக்கேன்." சட்டைப் பையிலருந்து எடுத்துக் காட்டினேன்.

வாங்கிப் படிச்சான். மெதுவாத்தான் படிப்பான், உதடு அசையும். கடைசி வரைக்கும் படிச்சுட்டு, "இதுல நீ நகர்த்தினேன்னு இருக்குது. நான் நகர்த்தச் சொன்னேன்னு எங்க இருக்குது?"ன்னான்.

"அது எதுக்குடா? வேலைக்காரன் நான். தப்பு என்னுது."

"கேட்டவன் யாரு? பந்தல் யாருது? கல்யாணம் யார் வீட்டுல நடந்துச்சு?" கல்லாப் பெட்டியிலருந்து பேனாவை எடுத்தான். என் கையெழுத்துக்குக் கீழே, 'பந்தக்காலை அசைக்க வேணாம்னு நான்தான் கேட்டேன்'னு எழுதி, அவன் பேரைப் போட்டான். எழுத்து ஒவ்வொண்ணும் பெருசு பெருசா, பாதிப் பக்கத்தை அடைச்சுக்கிச்சு.

அத்தை அப்படியே கொண்டுபோய்க் குடுத்தோம், ரெண்டு பேரும். மேடம் வாங்கிப் பார்த்தாங்க. தமிழ் எழுத்து அவங்களுக்குத் தெரியாது, என்னையே படிச்சுக் காட்டச் சொன்னாங்க. கோதண்டன் எழுதின வரி வந்தப்போ காகிதத்தை அவன் பக்கம் நீட்டினேன். அவனே அந்த வரியைச் சத்தமா சொன்னான், தெலுங்குல.

"இவர் டிபார்ட்மெண்ட் ஆள் இல்லை. இவர் கையெழுத்துக்கு ஃபைல்ல இடம் இல்லை"ன்னாங்க மேடம். அப்பால அந்தக் காகிதத்தை ஃபைல்லயே வெச்சு, நூல் கோத்துக் கட்டினாங்க. எனக்கு ஒரு இன்கிரிமெண்ட் வெட்டு. அதோட முடிஞ்சுது.

வெளியில வந்ததும் கோதண்டன், "வாடா, மெஷின் வர்றதுக்குள்ள அந்தச் சுவரை நாமளே செங்கல் செங்கல்லா இறக்கிடலாம். மெஷின் இடிச்சா வீடு மொத்தம் ஆடிப்போயிடும்"னான். மூணு நாள் லீவு போட்டேன். அவன் மேலருந்து எடுத்துக் குடுக்க, நான் கீழே அடுக்கினேன். ரெண்டாம் நாள் ரமணம்மா தையல் மெஷினை நிறுத்திட்டு ரோட்டைத் தாண்டி வந்து, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு, செங்கலைக் கை மாத்திக் குடுக்க ஆரம்பிச்சா. யாரும் அவளைக் கூப்பிடலை. யாரும் வேணாம்னும் சொல்லலை.